பெட்டியைத் திறக்கக் கூடாதாம்!

ஒரு வீட்டு வாசலில் சவப்பெட்டி ஒன்று வந்து இறங்குகிறது. கூடவே பட்டாளத்துக்காரர்கள் வருகிறார்கள். உள்ளே இருப்பவன் இந்த வீட்டுப் பிள்ளைதான், யுத்த முனையில் நாட்டுக்காக உயிர் கொடுத்துவிட்டான் என்கிறார்கள். மரியாதை செய்கிறார்கள். எல்லாம் சரி, பெட்டியை மட்டும் திறக்கக் கூடாதாம்! முத்திரையிட்டு மூடிய பெட்டி. மேலிடத்து உத்தரவு!

அந்த வீட்டுக் கிழவனுக்குக் கண் தெரியாது. பிள்ளையின் முகத்தைத் தடவிப் பார்க்க ஒரு தகப்பனுக்கு இருக்கும் கடைசி உரிமையும் அவனுக்கு இல்லை. பெட்டியை அப்படியே மண்ணில் இறக்குகிறார்கள். ஊரே அழுகிறது. கிழவன் மட்டும் அழவில்லை. "என் மகன் சாகவில்லை" என்கிறான்.

இது ஒரு சிங்களப் படத்தின் கதை. "புரஹந்த கலுவர" என்று பெயர். பௌர்ணமியன்று கவிந்த இருள் என்று நம் மொழியில் சொல்லலாம். பௌர்ணமி சிங்கள மக்களுக்குப் புனிதமான நாள். அந்த நாளில் இருள் என்றால் எப்படிப்பட்ட இருள் என்று யோசித்துப் பாருங்கள். 1997-ல் பிரசன்ன விதானகே எடுத்த படம். கிழவன் வன்னிஹாமியாக நடித்தவர் ஜோ அபேவிக்ரம. நமக்கு நாகேஷ் எப்படியோ அப்படி, எத்தனையோ படங்களில் சிங்கள ஜனங்களைச் சிரிக்க வைத்தவர் அவர். இந்தப் படத்தில் அவர் அதிகம் பேசுவதே இல்லை. தடியை ஊன்றிக்கொண்டு நடக்கிறார். அந்த நடையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2011-ல் அவர் காலமானார்.

படம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஏன் இதைப் பற்றி எழுதுகிறோம்? காரணம் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொழும்பில் மட்டும் அல்ல, சென்னையிலும்!

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறோம். வன்னிஹாமியின் ஊர் வறண்ட பிரதேசம். ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. ஏரி வற்றினால் நெல் இல்லை. நெல் இல்லாத ஊரில் வாலிபனுக்கு என்ன வேலை? பட்டாளம் ஒன்றுதான் மாதம் தவறாமல் சம்பளம் தருகிறது. மகன் பண்டார அங்கே போகிறான். வீரத் திலகமிட்டுக்கொண்டு போகவில்லை, தோழர்களே! வீட்டைக் கட்ட வேண்டும், சகோதரிக்குக் கல்யாணம் செய்ய வேண்டும், அதற்காகப் போகிறான். கட்டத் தொடங்கிய வீடு பாதிச் சுவரோடு நிற்கிறது. பிள்ளை போனபின்பும் அது அப்படியே நிற்கிறது.

சாவுக்குச் சர்க்கார் நஷ்டஈடு தருகிறது. கிழவன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான்! கிராம அதிகாரி நயமாகச் சொல்கிறார். ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். பெற்ற பெண்களே தவிக்கிறார்கள். கையெழுத்து வைத்தால் கையில் இருக்கும் கஷ்டம் தீரும், அரைகுறை வீடு முழு வீடாகும். கிழவன் வைக்க மறுக்கிறான். செத்த பிள்ளையின் கடிதம் ஒன்று அடக்கம் முடிந்தபின் தபாலில் வந்து சேருகிறது. சாவதற்கு முன் எழுதியதாக இருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிழவன் அப்படி நினைக்கவில்லை.

கடைசியில் ஒரு நாள் வன்னிஹாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புதைகுழிக்குப் போகிறான். குருட்டுக் கிழவன் தன்னந்தனியாகத் தோண்டுகிறான். பிறகு ஊர்க்காரர்களும் கை கொடுக்கிறார்கள். பெட்டி வெளியே வருகிறது. திறக்கிறார்கள்.

உள்ளே வாழைத்தண்டும் கல்லும்!

நாங்கள் இதைப் படிக்கிற ஆலைத் தொழிலாளர்களைக் கேட்கிறோம். அந்தக் காகிதத்தை நீங்கள் பார்த்ததில்லையா? இயந்திரத்தில் கை போனவனுக்கு முன்னாலும், கொதிகலன் வெடித்துச் செத்தவனின் பெண்சாதிக்கு முன்னாலும் அதே காகிதம்தானே நீட்டப்படுகிறது! "இந்த இடத்தில் கைநாட்டு வை. பணத்தை வாங்கிக்கொள். இதோடு பாத்தியதை தீர்ந்தது." யார் தப்பு, எப்படி நடந்தது, மறுபடி நடக்குமா என்று கேட்கிற வாயை அடைக்கத்தான் அந்தக் காகிதம். வன்னிஹாமிக்குச் சட்டம் தெரியாது, அரசியல் தெரியாது. ஆனால் கையெழுத்து வைத்த நிமிஷத்தில் தன் பிள்ளை கணக்கில் செத்துவிடுவான் என்று அவனுக்குத் தெரிகிறது. ஒரு சர்க்காருக்கு எதிராக அந்தக் கிழவனிடம் இருந்த ஒரே ஆயுதம் கையெழுத்து வைக்காமல் இருப்பது. அதை அவன் விடவில்லை.

இனி கொழும்புக் கனவான்கள் செய்ததைக் கேளுங்கள்.

சமாதானம் கொண்டுவருகிறேன் என்று 1994-ல் பதவிக்கு வந்தவர் சந்திரிகா குமாரதுங்க. அடுத்த வருஷமே யுத்தம் மறுபடி மூண்டது. அதற்கு அவர் சர்க்கார் வைத்த பெயர் "சமாதானத்துக்கான யுத்தம்"! 1996 ஜூலையில் முல்லைத்தீவு ராணுவ முகாம் வீழ்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் அங்கே மாண்டார்கள். அவர்களில் எத்தனை பேருடைய உடல் வீடு வந்தது? பெட்டியும் வராமல், சேதியும் வராமல் காத்திருந்த தாய் தகப்பன்மார் எத்தனை பேர்! இந்தப் படம் அந்தக் காலத்தில் எடுத்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு போயிற்று. மே மாதம் அவசரகாலச் சட்டம் இறுக்கப்பட்டது, பத்திரிகைகளுக்கும் விலங்கு மாட்டினார்கள். ஜூலையில் படம் திரைக்கு வர வேண்டிய சமயம். இப்போது காட்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. பட்டாளத்தின் மனவுறுதி குலைந்துவிடுமாம்!

எவ்வளவு அக்கறை பாருங்கள்! சம்பளத்துக்காகப் பட்டாளத்தில் சேர்ந்து, பின் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஊருக்கு ஓடிவந்த சிங்கள வாலிபர்கள் பல்லாயிரம் பேர். ஓடியவர்களை மன்னிக்கிறோம், திரும்பி வாருங்கள் என்று சர்க்கார் ஒரு தடவை அல்ல, பல தடவை அறிவிக்க வேண்டியிருந்தது. அவர்கள் எல்லாம் சினிமா பார்த்துவிட்டா ஓடினார்கள்? பெட்டியில் வாழைத்தண்டை வைத்து அனுப்புவதால் மனவுறுதி குலையாதாம், அதைத் திரையில் காட்டினால் குலைந்துவிடுமாம்! விதானகே கோர்ட்டுக்குப் போனார். 2001-ல் இலங்கைச் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. படம் திரைக்கு வந்தது. சிங்கள ஜனங்கள் பார்த்தார்கள். நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

இது கொழும்பு. சென்னைக்கு வருவோம்.

அதே விதானகே 2012-ல் இன்னொரு படம் எடுத்தார். ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கியின் ஒரு கதையைத் தழுவியது. அடகுக்கடை வைத்திருக்கும் ஒரு சிங்களவன் ஒரு தமிழ்ப் பெண்ணை மணக்கிறான். அவன் முன்பு பட்டாளத்தில் இருந்தவன் என்பது பிறகு அவளுக்குத் தெரியவருகிறது. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து வந்தவள் அவள். ஒரே அறைக்குள் இருவரும் எப்படி வாழ்வது? இதுதான் படம். 2014-ல் சென்னையில் திரையிட்டபோது மிரட்டல் வந்தது. சிங்களவன் படத்தைத் தமிழ் மண்ணில் ஓட விடமாட்டோம் என்று சிலர் மார்தட்டினார்கள். படம் நிறுத்தப்பட்டது.

மிரட்டியவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்களா என்று நாம் கேட்கவில்லை. பார்த்திருந்தால் மிரட்டியிருக்கமாட்டார்கள். 2000-ல் பட்டாளத்தின் எதிரி என்று கொழும்பு மந்திரிகள் யாருடைய வாயை அடைத்தார்களோ, அதே மனிதருடைய வாயை 2014-ல் சிங்களவன் என்று சொல்லி இங்கே அடைத்தார்கள். கொழும்பில் செய்ததற்குச் சட்டப் புத்தகம் துணை. சென்னையில் செய்ததற்குத் தமிழ்ப் பற்று துணை. காரியம் என்னவோ ஒன்றுதான்!

சிலர் நம்மைக் கேட்பார்கள்: "முள்ளிவாய்க்காலில் நம் இனம் கொத்துக் கொத்தாய்ச் செத்தது. அதைச் செய்த பட்டாளத்துக்காரனின் அப்பனுக்காக நாம் அழ வேண்டுமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. மழுப்பாமல் பதில் சொல்கிறோம். 2009-ல் கடைசி மாதங்களில் வன்னியில் நடந்தது படுகொலை. 40,000 பேர் வரை சாமானிய ஜனங்கள் இறந்திருக்கக் கூடும் என்று 2011-ல் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த நிபுணர் குழுவே சொன்னது. ஆஸ்பத்திரிகள் மீது ஷெல் விழுந்தது. அதைச் செய்தவர்களை, செய்யச் சொன்னவர்களைக் கூண்டில் ஏற்ற வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை என்பதால் சிப்பாய் செய்த கொலை கொலையில்லை என்று ஆகிவிடாது. வன்னிஹாமியின் கண்ணீரைக் காட்டி அந்தக் கணக்கை யாராவது தீர்க்கப் பார்த்தால் நாம் சம்மதிக்கமாட்டோம்.

ஆனால் அந்தக் கிழவன் என்ன செய்கிறான் என்பதைக் கவனியுங்கள். சர்க்கார் சொன்ன பொய்யை மண்வெட்டியால் தோண்டி எடுக்கிறான். அவனுக்கு நம் அழுகை தேவையில்லை, கூடத் தோண்ட ஆள்தான் தேவை. சிங்கள ஊரில் ஒருவன் தன் சொந்தச் சர்க்காரின் பெட்டியைத் திறக்கும்போது, "சிங்களவன் திறக்கக் கூடாது" என்று கத்துகிற தமிழன் யாருக்கு உதவி செய்கிறான்? அந்தப் பெட்டியை மூடியவனுக்கு!

அந்தச் சிப்பாய் எங்கிருந்து வந்தான் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவன் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை.

1953 ஆகஸ்ட் 12. ரேஷன் அரிசியின் விலையைப் படி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரே தாவாக உயர்த்தியது அன்றைய சர்க்கார். இலங்கை முழுதும் ஹர்த்தால். தண்டவாளம் பெயர்ந்தது, கடை மூடியது. சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே நாளில் கையை மடக்கினார்கள். மந்திரிசபை தரையில் கூடப் பயந்து, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் போய்க் கூடியது! பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அரிசிக்காகச் சேர்ந்த அந்தக் கைகளைக் கண்டு அஞ்சியவர்கள் சும்மா இருப்பார்களா? மூன்றே வருஷத்தில், 1956-ல், சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1948-ல், தேயிலைத் தோட்டத்தில் முதுகொடிந்த மலையகத் தமிழர் லட்சக்கணக்கானவர்களின் குடியுரிமையைப் பறித்திருந்தார்கள்.

இடதுசாரிகள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். 1956-ல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப்போட்டார்கள், அது பெருமை. 1966-ல் தமிழுக்குச் சிறிது இடம் தரும் விதிகளை எதிர்த்து அதே சிவப்புக் கொடிகள் கொழும்புத் தெருவில் ஊர்வலம் போயின, அது அவமானம். 1972-ல் புத்த மதத்துக்கு முதலிடம் தந்த அரசியல் சட்டத்தைத் தயாரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா, இடதுசாரித் தலைவர், ஒரு காலத்தில் இரு மொழிக்காகப் பாராளுமன்றத்தில் முழங்கியவர்! பதவி நாற்காலி செய்த வேலை அது. பிறர் குற்றத்தை மட்டும் எழுதிவிட்டு நம் தரப்புக் குற்றத்தை விழுங்கிவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு மூடிய பெட்டிதான்.

பிறகு 1977. ஜெயவர்த்தனா வந்தார். கதவைத் திறந்துவிட்டார், உலகத்துச் சரக்கெல்லாம் உள்ளே வரட்டும் என்று. இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்து குவிந்தன. யாழ்ப்பாணத்து வெங்காய விவசாயி விழுந்தான். வறண்ட பிரதேசத்துச் சிங்கள மிளகாய் விவசாயியும் விழுந்தான். இருவரும் ஒரே அடியில்தான் விழுந்தார்கள். ஆனால் எழுந்தது தனித்தனியாக. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுமார் 40,000 தொழிலாளர்களை ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கினார் ஜெயவர்த்தனா. தொழிற்சங்கத்தின் முதுகெலும்பை ஒடித்தாயிற்று. சரியாக மூன்று வருஷம் கழித்து, 1983 ஜூலையில், கொழும்புத் தெருக்களில் தமிழரின் கடையும் வீடும் உடலும் எரிந்தன. தடுக்கத் தெருவுக்கு வர வேண்டிய தொழிற்சங்கம் எங்கே? அதைத்தான் முன்கூட்டியே ஒழித்துக் கட்டியிருந்தார்களே!

அன்றைக்குச் சின்னஞ்சிறியதாக இருந்த அந்த நாட்டின் பட்டாளம் யுத்தம் முடியும்போது சுமார் 2 லட்சம் பேராக ஊதியிருந்தது. யார் அந்த 2 லட்சம்? கொழும்புக் கறுவாத்தோட்டத்து மாளிகைப் பிள்ளைகளா? ஏரி வற்றிய ஊர்களின் பண்டாரக்கள்! இந்தப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கப்பலேறவும் விமானமேறவும் காசிருந்த தமிழ்க் குடும்பங்கள் லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டன. வன்னியில் மிஞ்சியது கூலி ஜனங்கள். கடைசி வருஷங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் பிடித்துக்கொண்டு போனது அந்த ஏழைகளின் பிள்ளைகளைத்தான். ஒளித்துவைத்த தாய்மார் எத்தனை பேர் என்று அங்கே போனால் சொல்வார்கள்.

படத்தில் குறை இல்லையா? இருக்கிறது. அந்த ஊரில் யுத்தம் வெகு தூரத்தில் எங்கோ நடக்கிறது. பண்டார எந்த ஊரின் மீது துப்பாக்கி தூக்கினான், அங்கே யாருடைய வீடு எரிந்தது என்பது படத்தில் வரவே இல்லை. தமிழனின் நிழல்கூட விழவில்லை. சிங்களக் கிராமத்தின் துக்கத்தைச் சிங்களக் கிராமத்துக்குள்ளேயே வைத்துப் பார்த்துவிட்டார். பின்னால் 2003-ல் எடுத்த "இர மதியம" படத்தில் விதானகே கொஞ்சம் வெளியே வந்தார். 1990-ல் புலிகளால் விரட்டப்பட்ட மன்னார் முஸ்லிம் ஜனங்கள் அதில் வருகிறார்கள். காணாமல் போன விமானப்படைக்காரப் புருஷனைத் தேடும் ஒரு சிங்களப் பெண் வருகிறாள். கும்பிட வேண்டிய இடத்தில் கும்பிட்டு, குத்த வேண்டிய இடத்தில் குத்துவதுதான் விமர்சனம். மிரட்டுவது விமர்சனம் ஆகாது.

தேடுகிறவர்கள் கதை சினிமாவோடு முடியவில்லை. 1987 முதல் 1989 வரை தெற்கே ஜே.வி.பி. கிளர்ச்சியை நசுக்கியபோது பல்லாயிரம் சிங்கள வாலிபர்கள் மறைந்துபோனார்கள். அதே காலத்தில் ஜே.வி.பி.யும் தொழிற்சங்கத் தோழர்கள் பலரைச் சுட்டுக் கொன்றது என்பதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடப் பையன்களைத் தூக்கிக்கொண்டு போய் எரித்ததற்கு எந்தக் காரணமும் காரணமாகாது. 2012-ல் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண்ணை வெட்டியபோது நூற்றைம்பதுக்கு மேல் எலும்புக்கூடுகள் வந்தன. அந்தப் பிள்ளைகளின் சிங்களத் தாய்மார்தான் அந்நாளில் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள்.

வடக்கே 2017 பிப்ரவரியில் கிளிநொச்சித் தாய்மார் உட்கார்ந்தார்கள். 2009 மே மாதம் பட்டாளத்தின் கையில் உயிரோடு ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கொட்டகை போட்டார்கள். வெயில், மழை, உளவுப் போலீஸ் எல்லாவற்றையும் தாங்கினார்கள். காணாமல் போனோருக்காக ஒரு அலுவலகத்தைச் சர்க்கார் திறந்தது. மரண சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், நஷ்டஈடு தருகிறோம் என்றது. வேண்டாம் என்றார்கள் அந்தத் தாய்மார். பதில் கிடைக்காமலே பலர் இறந்தும் போனார்கள். அவர்களில் யாரும் "புரஹந்த கலுவர" பார்த்திருக்கமாட்டார்கள். வன்னிஹாமி எதற்குக் கையெழுத்து வைக்கவில்லையோ அதற்கேதான் அவர்களும் வைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு அருகே செம்மணி. அங்கே நூற்றுக்கணக்கானவர்களைப் புதைத்திருக்கிறோம் என்று 1998-லேயே ஒரு சிப்பாய் கோர்ட்டில் நின்று சொன்னான். மறு வருஷம் பதினைந்து உடல்களைத் தோண்டியெடுத்து, அதோடு மண்ணை மூடிவிட்டார்கள். 2025-ல் மயானம் ஒன்றில் தகனமேடைக்கு அஸ்திவாரம் வெட்டிய கூலியாட்களின் மண்வெட்டியில் எலும்பு தட்டியது. கோர்ட்டு உத்தரவின்படி தோண்டினார்கள். இருநூறுக்கு மேல் எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையவையும் அவற்றில் உண்டு. ஒரு நீலநிறப் பள்ளிக்கூடப் பை, ஒரு பொம்மை, ஒரு பால்புட்டி.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் அந்தச் சாமான்களைப் பொதுஜனங்கள் பார்ப்பதற்காக வரிசையாக வைத்தார்கள். தாய்மார் வந்தார்கள். இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு முன் தன் பிள்ளை என்ன சட்டை போட்டுக்கொண்டு போனது என்று ஞாபகப்படுத்திக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து பார்த்தபடி நடந்தார்கள்.